சான் ஹோசே கஞ்சா வரி: ஃபார்வர்டில் வருவது சரியா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஹோசே நகரில் மக்கள் ஓட்டுக்கு விடப்பட்ட கஞ்சா வரித் தீர்மானம்தான் மெஷர் யூ. “சான் ஹோசேயில் 2010-ல் மெஷர் யூ-வுக்கு ஓட்டுப் போட்டதால்தான் தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடை வந்தது. வரி என்று கேட்டால் ‘இல்லை’ என்று குத்துங்கள். அந்தக் காசு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு என்பதும் பொய்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

கடைசி வாக்கியம் மட்டும் பாதி சரி. இந்தக் கஞ்சா வரி நகரத்தின் பொது நிதிக்குப் போவது; பள்ளிக்கென்று ஒதுக்கியது அல்ல. ஆனால் பள்ளிக்குத்தான் போகும் என்று யாரும் வாக்குச்சீட்டில் எழுதவும் இல்லை.

மற்றது தவறு. மெஷர் யூ கடைக்கு அனுமதி தரவில்லை. கஞ்சா வியாபாரத்தின் மொத்த வரவில் 10 சதவீதம் வரை வரி போட நகராட்சிக்கு அதிகாரம் கொடுத்தது, அவ்வளவுதான். மருத்துவக் கஞ்சாவுக்கு கலிஃபோர்னியா 1996-லேயே வழிவிட்டது. மருத்துவக் காரணம் இல்லாமல் வயது வந்தோர் பயன்படுத்த வழிவிட்டது 2016-ல் மாநிலம் முழுக்க ஓட்டெடுத்து நிறைவேறிய ப்ராப்பசிஷன் 64. உங்கள் ஊரில் கடை வரலாமா, எங்கே வரலாம் என்பதை ஊர் நிர்வாகத்தின் விதிகள் முடிவு செய்யும். வரி வேறு, உரிமம் வேறு.

சந்தேகமிருந்தால், கவுண்டி தேர்தல் அலுவலகம் அனுப்பும் வாக்காளர் கையேட்டை எடுத்து, ஓட்டுக்கு வரும் மெஷரின் முழு வாசகத்தையும் அதோடு இருக்கும் நடுநிலை விளக்கத்தையும் படியுங்கள். ஓட்டு உங்கள் இஷ்டம். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.