குறைந்தால் கேஷியர் கைக்காசு

கடலூரில் ஒரு வங்கிக் கிளையில் கேஷ் கவுன்ட்டரில் இருக்கிறேன். "ஏசியில உட்கார்ந்து நோட்டு எண்ணுற வேலைதானே" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று எழுதிவிடுகிறேன்.

முதுநகர்ப் பக்கம் மீன் ஏலம் முடிந்து வரும் பணத்தைத் தொட்டிருக்கிறீர்களா? ஈரம், உப்பு, சமயத்தில் செதில். தாளும் தாளும் ஒட்டிக்கொள்ளும். மெஷினில் வைத்தால் இரண்டை ஒன்றாக இழுக்கும், இல்லையென்றால் நின்றுவிடும். கையால்தான் பிரித்து எண்ண வேண்டும். வரிசையில் நிற்பவர் 'உச்' கொட்டுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் பணம் குறைந்துவிடும். அப்போது நகைக்கடன் கவுன்ட்டரில் கூட்டம், பல முகங்கள் அதே முகங்கள்தான்.

சாயங்காலம் கணக்கு முடிக்கையில் பணம் குறைந்தால் கேஷியர் கைக்காசைப் போட வேண்டும். கூடினால் வங்கி தனிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். 500 ரூபாய்க் கட்டு ஒன்று 50,000 ரூபாய். கிளார்க்கின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,050. ஒரு கட்டு கைமாறிப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கள்ள நோட்டு தனிக் கதை. கவனிக்காமல் வாங்கினால் நஷ்டம் நமக்கு. கண்டுபிடித்தால் முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ரசீது தர வேண்டும். தாளைத் திருப்பித் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரே தடவையில் 5 தாளோ அதற்கு மேலோ இருந்தால் எஃப்.ஐ.ஆர். இதையெல்லாம் பூ விற்ற காசைக் கட்ட வந்த அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். சாபம் ரிசர்வ் வங்கிக்குப் போகாது.

'கேஷ் பார்க்கிறதுக்குத் தனிப்படி உண்டே' என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் ஜிபேயில் போட்டுவிடுகிறார்கள் என்று சொல்லி இரண்டு கவுன்ட்டரை ஒன்றாக்கிவிட்டு, அந்த ஒருவர் தலையில் மொத்தப் பொறுப்பையும் கட்டுவது என்ன நியாயம்? சின்னக் குறைவுகளை வங்கியே செலவுக் கணக்கில் எழுதட்டும். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் குறைந்தால் தாராளமாக விசாரிக்கட்டும்.

அதுவரைக்கும் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். சலானில் எத்தனை 500, எத்தனை 200 என்று சரியாக எழுதுங்கள். பணம் வாங்கினால் கவுன்ட்டரிலேயே எண்ணுங்கள். அப்புறம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கூடுதலாக இருந்தால், நாங்கள் கேமராவைப் பார்த்து போன் பண்ணும்வரை காத்திருக்காதீர்கள்.