ஈரல் யாருக்கு?

(கொடைக்கானல் மலையில் பூம்பாறை கிராமம். கிழங்கு முற்றுகிற சமயம். விடிகாலை.)

செல்லம்மா: வேலு, உன் வேலிச் சந்துல ஒண்ணு மாட்டிக் கெடக்குப்பா. கறுப்பா, பல்லைக் காட்டி உறுமுது.

வேலு: மாட்டிருச்சா! கிட்டப் போகாதீங்கக்கா, பன்னி தொடையைக் கிழிச்சிரும். சத்தமும் போடாதீங்க. உங்களுக்கு ஈரல் தந்துடுறேன்.

செல்லம்மா: அப்ப அந்தச் சுருக்குக் கம்பி நீ கட்டுனதுதானா?

வேலு: பின்ன? பைக் கிளட்ச் கம்பி. யானை இழுத்தாலும் அறாது.

செல்லம்மா: கீழ வனத்துறை வாட்ச்சர் வர்றாரு.

வேலு: எந்தக் கம்பிக்கா? எனக்கென்ன தெரியும்?

செல்லம்மா: டீக்கடைப் பக்கம் திரும்பிட்டாரு.

வேலு: என் கம்பிதான்.

செல்லம்மா: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல சுருக்கு வச்சுப் பிடிக்கிறதும் வேட்டைதான். துப்பாக்கிதான் வேணும்னு இல்ல.

வேலு: அந்தச் சட்டத்தைப் பன்னிக்குப் படிச்சுக் காட்டுங்க. ஒரே ராத்திரியில நாலு பாத்தியைக் கிண்டிப் போட்டுருக்கு. காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தாத்தான் சுடலாமாம், அதுவும் வனத்துறை ஆளுங்கதான். நம்ம கக்கூஸ் கதவைத் திறந்தாலே காடு!

செல்லம்மா: அது நியாயம். ஆபீஸ்ல போய்க் கத்து, நானும் வர்றேன். கம்பிக்குக் கண்ணு கெடையாது. கடமான் கன்னு, சிறுத்தை, எது நுழைஞ்சாலும் இறுக்கும்.

வேலு: சரி, எத்தனை கிலோ தேறும்?

செல்லம்மா: இருபது. நேத்து ராத்திரி கேப்பைக் களியும் மோரும் தின்னுருக்கும்.

வேலு: பன்னிக்கு யாருக்கா மோர் ஊத்துனது?

செல்லம்மா: உன் பொண்டாட்டி. கழுத்துல மணிகூட கட்டியிருக்கா.

வேலு: ஐயோ, கறுப்பன்!

செல்லம்மா: ஈரல் யாருக்குப்பா?

(வேலு ஓடிப் போய்க் கம்பியைப் பிடித்து இழுக்கிறான். நாய் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொள்கிறது.)

செல்லம்மா: இழுக்காதே! இழுக்க இழுக்க இறுகும். வலியில கெடக்குற நாய்க்கு எஜமானும் ஒண்ணு, திருடனும் ஒண்ணு. முதல்ல தலைமேல சாக்கைப் போடு, மூக்கு மூடாம. இப்ப உடம்பை முளைக்குச்சிப் பக்கமா நகர்த்து. கம்பி தொய்யும்.

வேலு: கத்திரிக்கோல் கொண்டு வரவா?

செல்லம்மா: அது முறுக்குக் கம்பி, பல இழை. கத்திரி வழுக்கிக்கிட்டுப் போகும். கட்டிங் பிளேயர் எடு. சுருக்குக்கும் முளைக்கும் நடுவுல முதல்ல அறு. அப்புறம் இடுப்புல இருக்கறதை, முடியை ஒதுக்கி, ரெண்டு மூணு இழையா அறு. சதைக்குள்ள புதைஞ்சிருந்தா பிடுங்காதே, அப்படியே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ.

வேலு: மஞ்சள், நல்லெண்ணெய்?

செல்லம்மா: ரசமா வைக்கிறே? கொதிச்சு ஆறின தண்ணி அரை லிட்டர், உப்பு ஒரு தேக்கரண்டி. அதால கழுவு. காயம் சின்னதா இருக்குன்னு விட்டுராதே. இறுகுன சதை அடுத்த நாள்தான் வீங்கும். மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்துல போனா உள்ள நசுங்கியிருக்குன்னு அர்த்தம்.

வேலு: எனக்கும் கையில ரத்தம் வருதுக்கா.

செல்லம்மா: உன் பங்கு கெடைச்சிருச்சு. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவு. ஆஸ்பத்திரியில போய் வெறிநாய் ஊசி போட்டுக்கோ. நாய்க்கு வருசத் தடுப்பூசி போட்டுருக்கியா?

வேலு: அது... அடுத்த மாசம்...

(கிளட்ச் கம்பிக்கு இருக்கிற ஞாபகம் தடுப்பூசிக்கு இருக்காது, ஊர் ஊராக இதே கதைதான்.)

செல்லம்மா: இன்னும் எத்தனை கட்டியிருக்கே?

வேலு: எட்டு.

செல்லம்மா: எங்கெங்க?

வேலு: இருட்டுல கட்டுனது. அஞ்சு தெரியும்.

செல்லம்மா: மிச்சம் மூணு?

வேலு: வாட்ச்சர் வர்றாரா?

செல்லம்மா: வரட்டும். உன் பொண்டாட்டி விறகுக்கு அந்தப் பக்கம்தானே போனா?

வேலு: அக்கா, அந்தப் பிளேயரைக் குடுங்க!