"கல்யாண வீடியோ மாதிரி இருக்கு" என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் படத்தின் திரையிடல் முடிந்து என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். வராதவர்களும் அந்த ஒரு நிமிட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஒன்பது பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான்கு நாள் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் "விட்டுத் தொலைங்க" என்றார்கள். விட முடியவில்லை, எழுதுகிறேன்.

படம் பார்க்க வந்த ஒருவர் சொன்னது இவ்வளவுதான். "இப்பல்லாம் கையில கேமரா கெடச்சா எல்லாரும் படம் எடுத்துடறாங்க. டிஜிட்டல்தானே, செலவா என்ன? இது கல்யாண வீடியோ மாதிரி இருக்கு." மண்டபத்தில் ஒரு நாலைந்து பேர் சிரித்தார்கள். அதற்கு முன்னால் 1 மணி 48 நிமிடம் அதே மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு யாருடைய போனிலும் பதிவாகவில்லை. இது பதிவாகிவிட்டது.

கேமரா மலிவாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் மலிவாகவில்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். சலிப்பாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

ஃபிலிம் காலத்தில் நான் படம் எடுத்திருக்கவே முடியாது. 35 எம்எம்மில் 1,000 அடி ரோல் ஓடுவது 11 நிமிடம். நாங்கள் இரண்டு கேமராவில் எடுத்து வைத்திருந்தது மொத்தம் 64 மணி நேரம். ரோல் கணக்கில் 345-க்கு மேல் வரும். ரோலுக்கே என் கல்யாண வீடியோ ஸ்டுடியோவை விற்றாலும் போதாது, அப்புறம் கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும். டிஜிட்டல் வந்ததால்தான் என்னைப் போன்றவன் உள்ளே வர முடிந்தது. அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் பெரிய படங்களும் இன்று டிஜிட்டலில்தானே எடுக்கிறார்கள்? ஆரி அலெக்ஸா என்கிற டிஜிட்டல் சினிமா கேமரா வந்தது 2010-ல். ஃபியூஜி 2013-லேயே சினிமா நெகட்டிவ் விற்பதை நிறுத்திவிட்டது. அலெக்ஸாவில் எடுக்கிறவரைப் பார்த்து "டிஜிட்டல்தானே" என்று எவரும் கேட்பதில்லை. மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவனைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

செலவா என்று கேட்டீர்கள். 11 லட்சத்து 40 ஆயிரம். ஒரு கேமரா எங்கள் ஸ்டுடியோவுடையது, சோனி ஏ7எஸ் 3, இன்னும் தவணை கட்டுகிறேன். இன்னொன்று பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே, சென்னையிலிருந்து வாடகைக்கு வந்தது. அந்த வாடகை மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 22 பேருக்கு 31 நாள் சாப்பாடு, வண்டி, ஹார்டு டிஸ்க், டப்பிங், மிக்சிங், கலர், சென்சார், தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி (டிசிபி), எல்லாம் அதற்கு மேல். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். மனைவியின் ஆரமும் இரண்டு வளையலும் அடகில் இருக்கின்றன. பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர் எழுதி வாங்காமல் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் என்று திரையில் ஒரு பெயர் வருகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

பணம்கூடப் போகட்டும். நாள் எங்கே கிடைத்தது தெரியுமா? கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு ஓய்வு கிடைப்பது ஆடி, புரட்டாசி, மார்கழி. முகூர்த்தம் இல்லாத மாதங்கள். அந்த மாதங்களில்தான் மற்றவர்கள் குடும்பத்தோடு எங்காவது போவார்கள். நாங்கள் இரண்டு வருடம் அந்த மாதங்களைச் சேர்த்துச் சேர்த்து 31 நாள் எடுத்தோம். முதல் மார்கழியில் படத்தில் பெரிய பங்காளியாக நடிக்கிறவர் மலைக்கு மாலை போட்டிருந்தார். தாடியை எடுக்க முடியாது. அந்த மாதம் முழுக்க அவர் இல்லாத காட்சிகளாகத் தேடிப் பிடித்து எடுத்தோம்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்கிறேன். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ஒன்பது ராத்திரி காவல் கிடக்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே தார்ப்பாய். அவ்வளவுதான் கதை.

அதில் பெரியவர் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு கால் கட்டைவிரலால் தார்ப்பாயைத் தன் பக்கம் இழுக்கிற காட்சி வருமே, மண்டபம் அதிகமாகச் சிரித்த இடம் அதுதான். திரையில் ஓடுவது 19 நொடி. 14 டேக் எடுத்தோம். நடித்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், 67 வயது, எனக்குத் தூரத்து மாமா முறை. நடிப்புப் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு தடவை செய்ததை மறு தடவை அப்படியே செய்ய மாட்டார்கள். இழுக்கிற விரலை இப்போது எடுத்துவிட்டு, பக்கத்தில் படுத்திருக்கிறவர் முகத்தை அப்புறம் எடுக்கலாம் என்றால் நடக்காது. அந்த விரலுக்கு அந்த முகம்தான், அதே நொடியில்தான். அதற்காகத்தான் இரண்டு கேமரா. ஒன்று விரலில், ஒன்று முகத்தில். பதினோராவது டேக்கில் விரல் தார்ப்பாயின் கண்ணியில் மாட்டிக்கொண்டது. மாமா கண்ணைத் திறக்காமலே புருவத்தை மட்டும் சுருக்கினார். நான் எழுதி வைத்தது இல்லை அது. அதைத்தான் படத்தில் வைத்தோம்.

எடிட்டிங்கில் அந்த 19 நொடிக்கு நான்கு ராத்திரி போனது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். புருவம் சுருங்கிய இடத்திலிருந்து 6 ஃபிரேம் முன்னால் வெட்டினால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. 6 ஃபிரேம் தள்ளி வெட்டினால் நடிக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. கால் நொடி விவகாரம். அழுகைக் காட்சி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சிரிப்பு பொறுக்காது. "காமெடிதானே" என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு தடவை அந்தக் கால் நொடியைத் தேடிப் பார்க்கட்டும். கேமரா மலிவாகலாம். அந்தக் கால் நொடி எந்தக் கடையிலும் விற்பதில்லை.

வெளிச்சமும் லேசில் வந்துவிடவில்லை. நாங்கள் படம் எடுத்த நெற்களத்தில் தொங்கும் எல்இடி பல்பு கண்ணுக்கு நிலையாகத் தெரியும், கேமராவில் அலையடிக்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் நிறுத்தினோம். அப்படியும் அடங்காத பல்புகளைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினோம். பூச்சி இன்னொரு பாடு. புரட்டாசி ராத்திரியில் விளக்கைப் போட்ட ஐந்தாவது நிமிடம் பச்சைப்பூச்சி லென்ஸ் தெரியாமல் மொய்த்துவிடும். முதல் ராத்திரி ஒரு ஷாட்கூடத் தேறவில்லை. களத்துக்குக் காவல் இருந்த பெரியவர்தான் வழி சொன்னார். வயலில் வைக்கிற விளக்குப் பொறி மாதிரி, முப்பதடி தள்ளி ஒரு குண்டு பல்பைக் கட்டி, கீழே தொட்டியில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஊற்றி வைக்கச் சொன்னார். பூச்சியெல்லாம் அங்கே போய்விட்டது. சென்னையிலிருந்து வந்த கேமராக்காரத் தம்பி அந்தத் தொட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஒலி சரியில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சரி. மண்டபத்தில் எதிரொலி இருந்தது, அது பாதி. மீதி எங்கள் தவறுதான், இரண்டு காட்சிகளில் தவளைச் சத்தம் வசனத்தை அமுக்கிவிட்டது. திருத்துகிறோம்.

"விமர்சனம் தாங்காதவன் ஏன் படம் எடுக்கிறாய்" என்று கேட்டிருந்தவருக்கு: நான் விமர்சனத்தைத் தாங்குவேன். இடைவேளைக்குப் பிறகு தொய்வாக இருக்கிறது என்று ஒரு தங்கை எழுந்து சொன்னார். உண்மை. எட்டு நிமிடம் குறைக்கலாம் என்று அன்று ராத்திரியே குறித்து வைத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. "கையில கேமரா கெடச்சா" என்பது படத்தைப் பார்த்துச் சொன்னதா, ஆளைப் பார்த்துச் சொன்னதா? அவர் எந்தக் காட்சியையும் சொல்லவில்லை. எந்த ஷாட்டையும் சொல்லவில்லை. நான் என்ன தொழில் செய்கிறேன் என்று யாரோ அவர் காதில் சொல்லியிருக்கிறார்கள், அதை வைத்துச் சொன்னார்.

விவசாயி வயிற்றெரிச்சலில் காமெடியா, நெல் நனைகிற இடத்தில் என்ன சிரிப்பு என்று இன்னொருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. எங்களுக்கு நாலு மா நிலம் இருக்கிறது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை திரும்பி வரும் என்பது எனக்குப் பத்திரிகையில் படித்துத் தெரிந்ததில்லை. நிலையத்தில் படப்பிடிப்புக்கு அலைய வேண்டாமென்று என் சித்தப்பாவின் களத்தில், அவருடைய சொந்த நெல் அறுபது மூட்டையைக் குவித்துத்தான் எடுத்தோம். அங்கே எடுத்த ஐந்து ராத்திரியும் ஒரே விதி: மழை தூறினால் முதலில் நெல்லை மூடு, அப்புறம் கேமராவை. மூன்றாம் ராத்திரி அடித்துப் பெய்தது. கதாநாயகன் முதல் லைட் பையன் வரை எல்லோரும் தார்ப்பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றோம். வாடகைக் கேமரா நனைந்து, பழுது பார்க்கத் தனியாகப் பணம் கட்டினேன். மறுநாள் காலை படப்பிடிப்பு இல்லை. எல்லோரும் ரோட்டில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தோம். சித்தப்பா நெல் ஒரு மூட்டை திரும்பாமல் எடை ஏறியது. எங்களையா விவசாயியைக் கேலி செய்கிறோம் என்கிறீர்கள்?

இந்த மண்ணில் கஷ்டப்படுகிறவன் சிரிக்கத் தெரியாதவன் என்று யார் சொன்னது? நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் பொழுது சாயும்போது அரிசி வரும், இலையில் ஓர் அகப்பை சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று காளமேகம் பாடினார். பசித்து உட்கார்ந்தவன் பாட்டு அது. காவல் கிடக்கிற ராத்திரியில் களத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். கொசுக்கடிக்கும் கொள்முதல் கவலைக்கும் நடுவில் அவர்கள் சொல்கிற கதையில் பாதியைக்கூட என்னால் படத்தில் கொண்டுவர முடியவில்லை.

இப்போது அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். கல்யாண வீடியோ மாதிரி.

என் அப்பா பேனசோனிக் எம்9000 வீடியோ கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் முகூர்த்தம் எடுத்தவர். அந்த வலது தோள் கடைசி வரைக்கும் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கித்தான் இருந்தது. பிறகு சோனி பிடி170 என்கிற டிஜிட்டல் கேமரா வந்தது, பிறகு நான் கேனன் 5டி மார்க் 2 வாங்கினேன். டிஜிட்டல் கேமரா இந்தப் பக்கத்துக்கு சினிமாக்காரர்கள் கையில் வரவில்லை. கல்யாண வீட்டில்தான் வந்தது. மூன்று மணிக்கு எழுந்து, சாப்பிடாமல், புகைக்குள் நின்று, தாலி ஏறுகிற அந்த ஒரு நொடியைத் தவறவிடாமல் எடுப்பவனுக்கு இரண்டாவது டேக் கிடையாது. தவறினால் தவறியதுதான், ஒரு குடும்பத்துக்கு ஆயுசுக்கும் இல்லை.

சிரிப்பு எங்கே வரும் என்று நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன பெரியப்பா பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைத் தொடாமல் வைத்திருப்பார். எல்லோரும் மணமேடையைப் பார்க்கும்போது நான் கேமராவை அவர் மேல் இன்னும் மூன்று நொடி வைத்திருப்பேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு வாய் குடிப்பார். தார்ப்பாய்க் காட்சி எனக்கு அந்தப் பாயசத்திலிருந்துதான் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் ஸ்டுடியோ கூரையைப் பிய்த்தபோது அப்பாவின் கேசட்டுகள் பாதிக்கு மேல் நனைந்து போயின. அந்த வாரம் வீட்டில் மரம் விழுந்து, கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள்கூட வந்து கேட்டது "எங்க கல்யாண கேசட் இருக்கா" என்றுதான். ஆகவே அந்த வார்த்தையை வசவு மாதிரி பயன்படுத்தாதீர்கள். டெல்டாவில் இந்தத் தொழிலை வைத்துப் பிழைக்கிற ஒவ்வொருவருக்கும் அது வலிக்கும்.

உண்மையில் எனக்காக இதை எழுத உட்காரவில்லை. நேற்று ராத்திரி கண்டக்டர் மாமா போன் செய்தார். அவர் பேரன் அந்த ஒரு நிமிட வீடியோவைக் காட்டியிருக்கிறான்.

"தம்பி, நான் சரியா பண்ணாததாலதான் அவர் அப்புடி சொல்லிட்டாரா?"

இல்லை மாமா, உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. செத்த நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"அந்தத் தார்ப்பாய் இன்னும் நம்ம வீட்டுலதான் கெடக்கு. இனிமே வேணாம்னா சித்தப்பாகிட்ட குடுத்துடவா?"

குடுக்காதீங்க மாமா, வச்சிருங்க என்றேன். அடுத்த திரையிடல் வலங்கைமான் பக்கம், தேதி முடிவானதும் போடுகிறேன்.