தணிக்கை நாளில் எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்

தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். 1990-இல் மன்னாரிலிருந்து படகேறிய குடும்பம். இவர் இங்கே பிறந்தவர். பெயிண்டர். மூன்று மாத இருமலைச் சுவருக்குப் பூசும் பட்டியின் தூசி என்று நினைத்து மருந்துக்கடை டானிக்கில் ஓட்டியவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கிய ஏழாவது வாரம் நிறுத்திவிட்டார்.

“முகாம்காரர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் பொறுப்பு வராது” என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். ஏன் நிறுத்தினார் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

கேரளத்தில் அடுக்குமாடி வேலை. மேஸ்திரி அழைத்த இரவே பஸ் ஏறவில்லை என்றால் அந்த இடம் அடுத்தவருக்கு. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கை. மாத்திரை அட்டையை யாராவது பார்த்தால் வேலை போய்விடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பொதுக் கழிப்பறையில் அதற்கும் பயம். இருமல் நின்று, பசியெடுத்து, எடையும் கூடியிருந்தது. குணமாகிவிட்டது என்று நம்பினார். ஆறு மாதச் சிகிச்சையின் ஆபத்தான கட்டமே இதுதான். உள்ளே பதுங்கிய கிருமி சாகாமல் கிடக்கும். மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் அதே மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும்.

வீட்டில் அவருக்குத் தட்டும் தம்ளரும் தனி. காசநோய் காற்றில் பரவுவது, தம்ளரில் அன்று. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் வெகுவாகக் குறைந்துவிடும். இதை உலகத்துக்கு நிரூபித்ததில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956-இல் தொடங்கிய ஆய்வில் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை மருத்துவமனையிலும் மறுபாதியை நெரிசலான வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வேறுபாடில்லை. வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. அப்படியிருக்க, எழுபது ஆண்டு கழித்தும் மனிதரை மூலையில் உட்காரவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சோறும் மருந்துதான். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. இப்போது நோயாளிக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் நல்ல உதவி. ஆனால் பத்தடி அறையில் ஐந்து பேர் உண்ணும் வீட்டில் அது ஒருவர் தட்டில் மட்டும் விழாது.

நான் கேட்பது ஒன்றுதான். மாதந்தோறும் முகாமில் தணிக்கை, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கிறது. அரசு தரும் பணக்கொடைக்காக வெளியூர் வேலையிலிருப்பவரும் அன்று வந்து நிற்கிறார். ஆளை எண்ணத் தெரிந்த அரசுக்கு அன்றே இருமலை விசாரிக்கவும், எடை பார்க்கவும், அடுத்த மாத மாத்திரையைச் சேர்க்கவும் முடியாதா? காவலரின் பதிவேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் மருந்து மேசையைப் போடாதீர்கள். இருமலை விழுங்கிக்கொண்டு நிற்பார்கள். அதிகாரிகள் போன பிறகு, மாலையில், செவிலியர் வீடு வீடாகப் போகட்டும்.

நண்பர் மறுபடி பரிசோதித்து மருந்தைத் தொடங்கி ஐந்தாவது மாதம். குறைந்த கூலிக்குச் சேலத்துக்குள்ளேயே வேலை பார்க்கிறார். சென்ற ஞாயிறு போயிருந்தேன். அவர் மகள் அந்தத் தனித் தம்ளரில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.