ஐந்து நிமிட நல்ல தண்ணீருக்கும் பஞ்சமா?

பிரான்சிலிருக்கும் மச்சான் தன் பாய்மரப் படகுக்குத் துணையாக வைத்திருந்த காற்றடைக்கும் றப்பர்ப் படகையும் 8 குதிரைவலு எஞ்சினையும், தமக்குப் புதியது வாங்கியதும், முல்லைத்தீவுக்கு எனக்கு அனுப்பி வைத்தார். நந்திக்கடல் நீரேரியில் பின்னேரத்தில் தூண்டில் போடலாம் என்று நான் மகிழ்ந்தது சில வாரங்கள்தான். அதன் பிறகு என் நிம்மதியைக் கெடுத்தது படகல்ல, அதை இரவல் கேட்டு வருபவர்கள்.

"அண்ணை, ஒரு மணித்தியாலம் மட்டும் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட, திருப்பித் தருமுன் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டதில்லை. கோடையில் வற்ற வற்ற உப்பேறும் நீரேரியில் ஓடிய எஞ்சினை அப்படியே கொண்டுவந்து திண்ணையில் சாத்திவிட்டுப் போனால், உள்ளே தங்கிய நீர் காய்ந்து உப்பாகும் என்பது கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியாதா? சென்ற மாதம் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றியபோது, எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீர் ஓடும் துவாரங்களில் அடிப்பிடித்த சோற்றுப் பானைபோல வெள்ளை வெள்ளையாக உப்பு இறுகிக் கிடந்தது.

இன்னொருவர் கழுவாததோடு நிற்கவில்லை. "கரையில வைச்சே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தனாங்கள், நல்லா வேலை செய்யுது" என்று பெருமையாகச் சொன்னார். குளிர்விக்கும் அந்தத் தண்ணீரை மேலே தள்ளுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு றப்பர்ச் சக்கரம். அதன் இதழ்களுக்கு வழுக்கல் கொடுப்பதும் அதே தண்ணீர்தான். நீரில்லாமல் ஓட்டினால் அது சில நொடிகளிலேயே கருகத் தொடங்கிவிடும். என்னுடையதில் ஆறு இதழ்களில் இரண்டு அடியோடு பிய்ந்திருந்தன. பிய்ந்த துண்டுகள் நீர்க்குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டதால், அவற்றைக் கம்பியால் தோண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. எஞ்சினின் பக்கத்தில் நீர் பீச்சுகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

எரிபொருள் கதை இதைவிட மோசம். இது இரண்டடிப்பு எஞ்சின்; 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ஒயில் கலக்க வேண்டும் என்று தாங்கியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்கு மேலும் ஒருவர் வெறும் பெற்றோலை ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வன்னியில் பிறந்தவர்களா இவர்கள்! (படகை மணலில் இழுத்து, கருக்குமட்டையில் கிழித்து, ஒட்டுப் போடாமலே சுருட்டித் தந்தவரைப் பற்றி எழுதினால் என் இரத்த அழுத்தம்தான் ஏறும்.)

எங்கள் கிணறு உவர். இரண்டு வீடு தள்ளிப் போய், கலன் கலனாகச் சைக்கிளில் நல்ல தண்ணீர் கட்டிவந்து, பாதியாக வெட்டிய பரலை நிரப்பி, எஞ்சினின் கால் நனையும்படி பலகையில் மாட்டி ஓடவிடுபவன் நான். இரவல் வாங்குபவர்கள் வீட்டிலோ குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

நேற்றும் ஒருவர் படலையடியில் வந்து நின்றார். படகைத் தருகிறேன், எஞ்சின் இல்லை, இரண்டு துடுப்பு இருக்கிறது என்றேன். முகம் கறுத்தபடி, படகையும் வாங்காமலே போய்விட்டார்.