ஏலத்தில் எடுத்த கணினிகள்

அரசு அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளை ஏலத்தில் எடுத்துச் சீர்செய்து, குடியாத்தம், காட்பாடி பக்கத்து மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்கும் என்னைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு, ஏல அறிவிப்பைப் படிக்கும்போதே வயிறு எரிகிறது. 'பழைய கணினிகள், ஒரு குவியல், உள்ளது உள்ளபடி' என்பதற்கு மேல் அதில் ஒரு விவரமும் இருப்பதில்லை.

முன்வைப்புத் தொகை கட்டி, ஏலம் கேட்டு, அதற்கு மேல் ஜிஎஸ்டியும் செலுத்தி, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வண்டி வைத்து ஏற்றிவந்து பெட்டியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் இரண்டு திருகாணிகள் மட்டும் தொங்குகின்றன. அரசுத் தரவு வெளியே போகக் கூடாது என்பதால் அதைக் கழற்றுவது நியாயமே. ஆனால் மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் இழந்துவிடும் தற்காலிக நினைவகமான ரேமை எதற்காக உருவினார்கள்? மதர்போர்டில் கெபாசிட்டர்கள் கெட்டுப்போய் உப்பிக் கிடக்கின்றன; உயிரோடிருக்கும் ஒன்றிரண்டிலும் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், அதை அறிந்த ஊழியரோ மாற்றலாகிப் போய்விட்டார்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலி கொண்ட பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே செயலி எந்தத் தலைமுறை என்பதுதான் விலையையே தீர்மானிக்கிறது. மாடல், செயலி, ரேம், இயங்குகிறதா இல்லையா என்ற நான்கு விவரங்களை அறிவிப்பிலேயே அச்சிட்டால், அலுவலகத்துக்கும் நல்ல விலை கிடைக்கும்; நாங்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு பணம் கட்ட வேண்டியிராது.