பெட்டியில் 25,000 மணி நேரம், எங்கள் வாசலில் 14 மாதம்

போன வாரம் வாசல் லைட் போய்விட்டது. 9 வாட் எல்இடி பல்பு, நல்ல கம்பெனிதான், ரோட்டோரத்தில் மூன்று ஐம்பது என்று கூவி விற்றதில்லை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 2018இல் இந்த வீட்டுக்குக் குடி வந்ததிலிருந்து எந்த பல்பை மாட்டினாலும் அதன் கழுத்தில் மார்க்கரால் தேதி எழுதிவிடுவேன். கழற்றிப் பார்த்தால் சரியாக 14 மாதத்துக்கு முந்தைய தேதி. சாயங்காலம் ஆறிலிருந்து பதினொன்று வரை, தினம் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் சுமார் 2,100 மணி நேரம் எரிந்திருக்கிறது. பெட்டியில் போட்டிருந்தது 25,000.

கூடத்தில் 2018இல் மாட்டியது இன்னும் எரிகிறது. அதே கம்பெனி, அதே 9 வாட், வாசல் லைட்டைவிட அதிக நேரம் எரிகிற பல்பு. அதனால் "எல்இடி எல்லாமே ஏமாற்று வேலை" என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்லை சார்" என்று நம் தலையில் கட்டுகிறவர்களோடும் சேரமாட்டேன், ஏனென்றால் இரண்டு பல்புக்கும் வருவது ஒரே லைன் கரண்ட்தான்.

முதலில் உண்மையாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் மிச்சம் என்பது சத்தியமான பேச்சு. 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்கு 109 யூனிட்டுக்கு மேல். 9 வாட் எல்இடிக்கு 16 யூனிட் சொச்சம். ஒரே ஒரு பல்பில் 93 யூனிட் மிச்சம். அதை எந்தக் குறையும் மறைக்க முடியாது. 2014இல் இயற்பியல் நோபல் பரிசை நீல எல்இடி கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூன்று பேருக்கும் கொடுத்ததே இதற்காகத்தான். நீலம் கிடைத்த பிறகுதான் அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளை வெளிச்சம் எடுக்க முடிந்தது.

வெளிச்சத்தின் அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, ஒரு விஷயத்தைத் தவிர. குண்டு பல்பு நாலா பக்கமும் வெளிச்சம் கொடுக்கும். இதில் கீழ்ப் பாதி பிளாஸ்டிக், அதனால் ஹோல்டர் பக்கம் இருட்டாகவே இருக்கும். பழைய லாந்தர் மாதிரி ஃபிட்டிங்கில் போட்டுவிட்டு "60 வாட்டுக்குச் சமம்னு போட்டிருக்கே, இவ்வளவுதானா" என்று நினைத்தால் காரணம் அதுதான். வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் லூமனை, அதாவது பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள்.

சரி, ஆயுளுக்கு வருகிறேன். எனக்கு வயிறு எரிவது இதில்தான்.

செத்த பல்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தேன். பால் நிறக் குமிழை நெம்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே வட்டமான அலுமினியத் தகடு, அதில் பன்னிரண்டு மஞ்சள் சதுரங்கள். பதினொன்று புதுசு மாதிரி இருந்தன. ஒன்றின் நடுவில் மட்டும் ஊசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. எல்லாம் ஒரே வரிசையில் கோத்தவை, கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி, ஒன்று போனால் மொத்தமும் போச்சு. தகட்டின் ஓரம் பிளாஸ்டிக் காபிப்பொடி நிறத்துக்குப் பழுத்திருந்தது. அத்தனை சூடு பட்டிருக்கிறது.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? வாசலில் நாங்கள் மாட்டியிருந்தது நாலாபுறமும் அடைத்த கண்ணாடி குளோப். குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும், கண்ணாடிக்குள் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எல்இடி தன் சூட்டைப் பின்பக்கமாக அலுமினியத்துக்குத் தள்ளி அங்கிருந்து காற்றில்தான் ஆற்ற வேண்டும். காற்றே ஓடாத குளோப்புக்குள் எங்கே ஆறும், அதுவும் எங்கள் ஊர் மே மாதத்தில். அதே பின்பக்கத்தில்தான் 230 வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவரும் உட்கார்ந்திருக்கிறது. அதில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெபாசிட்டர் என்ற பாகத்துக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்த எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. "அடைத்த ஃபிட்டிங்கில் பயன்படுத்த வேண்டாம்" என்று பெட்டியிலும் இருக்கிறது, ஆனால் எப்படி இருக்கிறது? 25,000 என்பது கட்டை விரல் உயரத்துக்கு, இது எறும்பு சைஸுக்கு.

அந்த 25,000 எப்படி வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. முதலாவது, அது பல்பு அணைந்து போகும் நேரம் இல்லை, வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம். இரண்டாவது, அந்தக் கணக்குக்கு அடிப்படையான சோதனை மஞ்சள் சதுரங்களுக்கு, அதாவது சிப்புக்கு மட்டும் தனியாக நடப்பது. குறிப்பிட்ட சூட்டில் 6,000 மணி நேரம் எரிய விட்டு, வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அதை வைத்து ஆறு மடங்கு வரை முன்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் டிரைவர் இல்லை, உங்கள் வீட்டு குளோப் இல்லை, இடி மின்னல் நேரத்தில் லைனில் வரும் அதிர்வும் இல்லை. சிப்பின் ஆயுளைப் பல்பின் ஆயுள் என்று விற்பது சரியில்லை என்பதுதான் என் கட்சி. என்ஜின் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி கியர் பாக்ஸைப் பற்றிப் பேசாமல் வண்டி விற்றால் ஒத்துக்கொள்வோமா? ஐரோப்பாவில் 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதியில் முழு பல்பையும் இரண்டரை மணி நேரம் எரிய விட்டு அரை மணி நேரம் அணைத்து, இப்படி 1,200 தடவை சோதிக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் எனக்கு வேண்டியது முழு பல்பின் ஆயுள், எத்தனை டிகிரி சூட்டில் என்பதோடு.

விலையும் ஒரு காரணம். மலிவு விலையில் எல்இடி பல்பு கொடுத்த அரசின் உஜாலா திட்டத்துக்காக மொத்தக் கொள்முதல் செய்தபோது 2014இல் 310 ரூபாயாக இருந்த பல்பு 2016க்குள் 38 ரூபாய்க்கு வந்தது. ஏழை வீட்டிலும் எல்இடி எரிகிறது என்றால் அதனால்தான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் கடை அலமாரியில் விலைப் போட்டி தொடங்கியதும் முதலில் மெலிவது அலுமினியம், அப்புறம் மின் அதிர்வைத் தாங்கும் சின்னப் பாகம். சிப்பை மட்டும் கூடுதலாகக் கசக்கிப் பிழிவார்கள். பிழியாமல் செய்யவும் முடியும். 2016இல் துபாய் மாநகராட்சிக்காக பிலிப்ஸ் கம்பெனி செய்த பல்பு ஒரு வாட்டுக்கு 200 லூமன் கொடுத்தது. நாம் வாங்குவது சுமார் 100. எல்இடி எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வொன்றுக்கும் கரண்டைக் குறைத்தார்கள், சூடும் குறைந்தது, அவ்வளவுதான் சூட்சுமம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சமையலறையில் எல்இடி மாட்டிய புதிதில் அம்மா "குழம்பு நிறமே தெரியலடா, மொளகாப்பொடி கம்மியான்னு பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கு" என்றார். வயசாகிவிட்டது, கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்தேன். அம்மா சொன்னதுதான் சரி. சிஆர்ஐ என்பது பல்பு வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதற்கு நூற்றுக்குப் போடும் மார்க். பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போடுவது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அந்த எட்டில் சேர்த்தியே இல்லை. சிஆர்ஐ 90 போட்ட பல்பாக வாங்கி மாட்டினேன், அம்மா முகமே மாறிவிட்டது.

இன்னொன்று, யூடியூபில் புள்ளி விழுந்த சிப்பைச் சுரண்டிவிட்டு ஈயத்தால் இணைத்து எரிய வைக்கிறார்களே, தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த பல்புகள் பலவற்றில் தகட்டிலேயே மெயின் கரண்ட் இருக்கும், குமிழ் இல்லாமல் தொட்டால் ஆளையே அடித்துவிடும்.

நான் செய்தது வேறு. இரண்டு வருஷ வாரண்டி இருந்தது, பில்லை வாங்கின அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். கடைக்குப் போனேன். அண்ணாச்சி பில்லைப் பார்த்தார், கழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் புதுசு எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போதுதான் சொன்னார், "தம்பி, தினம் பத்து பல்பு விக்கிறேன், பில்லோட திரும்பி வர்ற ஆளு மாசத்துக்கு ரெண்டு பேரு. மத்தவங்க குப்பையில போட்டுட்டு புதுசு வாங்கிட்டுப் போயிடுதாங்க."

வீட்டுக்கு வந்து தேதி எழுதி மாட்டினேன். மேலே சன்ஷேடு இருக்கிறது, மழை படாது, அதனால் குளோப்பைத் திரும்பப் போடவில்லை. உங்கள் வீட்டில் அடைத்த குளோப்புக்குள் எல்இடி இருந்தால் எத்தனை மாதம் வந்தது என்று கீழே எழுதுங்கள், கம்பெனி பெயர் வேண்டாம், மாதக் கணக்கு மட்டும் போதும்.